28 யூரோ டாக்ஸியும் லோமல் மணலும்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

பெல்ஜியத்தில் லோமல் என்ற ஊரின் ரயில் நிலையத்திலிருந்து மோட்டோகிராஸ் ட்ராக், அதாவது மேடுபள்ளமான மண் தடத்தில் பைக் பந்தயம் விடும் இடம், ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். நேரே போனால் பத்து நிமிடம். இவர் ஏதோ சாலை வேலை நடக்கிறது என்று சொல்லி, கால்வாய்க் கரையோரமாக ஊரையே ஒரு சுற்றுக் காட்டிவிட்டு 28 யூரோ கேட்டார். நம்மூர்க் கணக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. இவ்வளவா என்று கேட்டால், “திரும்பும்போது காலியாகப் போகணுமே, அதையும் சேர்த்துத்தான்” என்கிறார். சென்னை எழும்பூர் வாசலில் ஆட்டோக்காரர் சொல்லும் அதே வசனம்! அங்கேயாவது “அண்ணே, பாத்து வாங்கிக்குங்க” என்று கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். இங்கே கார்டு மெஷினை முகத்துக்கு நேரே நீட்டிவிடுகிறார்கள். வாரக் கடைசியில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவி நான் சம்பாதிப்பதில் இரண்டு மணி நேர உழைப்பு அந்த மெஷினுக்குள் போனது. மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதால் இந்தக் கணக்கு எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிரஸ்ஸல்ஸில் இதழியல் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒரு நீள்கட்டுரை எழுதித் தர வேண்டும், இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தைச் சுற்றித் தலைப்பு எடுத்தார்கள். நான் மோட்டோகிராஸ் என்றேன். “சத்தத்தைத் தவிர அதில் என்ன செய்தி இருக்கிறது?” என்று கேட்டார் பேராசிரியர். நல்ல மனிதர்தான். ஆனால் மோட்டோகிராஸைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் யாராவது விழுந்து எலும்பு முறிந்த செய்தியும், வண்டி ஆகாயத்தில் பறக்கும் படமும் மட்டும்தான் என்பதால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில். அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லைத் தெரியாமல் எடுத்துப் போய் அந்தச் செம்மணலில் இறக்குவோம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி புதையும், முறுக்கினால் பின்பக்கம் பாம்பாக நெளியும். மணலில் வண்டி ஓட்டுவது வேறு வித்தை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் பெல்ஜியத்தில் இடம் கிடைத்ததும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துக்கு முன்னால் நான் தேடிப் பார்த்தது லோமல் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

லோமல் தெரியாதவர்களுக்கு: உலக மோட்டோகிராஸில் மிகக் கடினமான மணல் ட்ராக் எது என்று கேட்டால் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். கிராண்ட் பிரி எனப்படும் உலகப் பட்டத்துக்கான பந்தயச் சுற்று இங்கே நடக்கிறது. 2012இல் நாடுகளுக்கிடையிலான மோட்டோகிராஸ் ஆஃப் நேஷன்ஸும் இங்கேதான் நடந்தது, ஜெர்மனி ஜெயித்தது. கிராண்ட் பிரிக்குப் போக ஆசைதான், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு உலாவியை மூடிவிட்டேன். அதைவிட நல்ல வழி பயிற்சி நாள். வேடிக்கை பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. புதன்கிழமைப் பிற்பகல் பெல்ஜியத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆகவே பொடிசுகளும் வந்துவிடும்.

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்வெர்ப்பில் மாறினேன், தூங்கினேன், இறங்கினேன். 26 வயதுக்குள் இருந்தால் என்ன சலுகை உண்டு என்று கேட்டுப் பாருங்கள்.

ட்ராக் பைன் மரக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கெம்பன் என்கிற இந்த வட்டாரம் முழுவதும் மணல் பூமி. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுக்கப் பைன் மரங்களை நட்டு வளர்த்தார்கள். வெள்ளை மணலைக் கண்ணாடி செய்யத் தோண்டினார்கள். பக்கத்திலேயே ‘லோமல் சகாரா’ என்று ஒரு மணல்வெளி இருக்கிறது. துத்தநாக ஆலையின் புகை செடிகொடிகளைக் கொன்றதால் உண்டான வெட்டவெளி அது, இப்போது ஏரியும் நடைபாதையுமாகச் சுற்றுலா இடம். விவசாயத்துக்கு ஆகாத இந்தப் பூமியில் விளைந்தது மோட்டோகிராஸ் வீரர்கள். பத்து உலகப் பட்டங்கள் வென்ற ஸ்டெஃபான் எவர்ட்ஸ் இதே லிம்பர்க் மாகாணத்துக்காரர். அப்பா ஹாரி நான்கு பட்டங்கள் வென்றவர். மகன் லியாமும் கிராண்ட் பிரி ஜெயித்தாகிவிட்டது. 125, 250, 500 சிசி என மூன்று எஞ்சின் பிரிவுகளிலும் பட்டம் வென்ற முதல் ஆள் எரிக் கெபோர்ஸ். மூன்றையும் கூட்டி அவரை ‘மிஸ்டர் 875’ என்பார்கள். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். 2018இல் ஏரியில் தன் நாயைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தார்.

வரலாறு போதும். காலையில் டிராக்டர் வைத்து ட்ராக்கைச் சமப்படுத்துகிறார்கள். முதல் சுற்றுகளில் அது கடற்கரை மாதிரி வழவழவென்று இருந்தது. வண்டிகள் போகப் போக மணல் குவிந்து, குவியலுக்கு முன்னால் பள்ளம் விழுந்து, மதியத்துக்குள் ட்ராக் முழுக்க அலை அலையாகிவிட்டது. சில பள்ளங்களில் நான் இறங்கி நின்றால் இடுப்பு வரை வரும். இதில்தான் 100 கிலோ வண்டியை விரட்டுகிறார்கள்! தாவுவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஓட்டுநரின் தொழில் இந்த அலைகளுக்குள் இருக்கிறது. உடம்பைப் பின்னால் சாய்த்து, முன் சக்கரத்தை லேசாக வைத்துக்கொண்டு, ஒரு அலையின் உச்சியிலிருந்து அடுத்ததன் உச்சிக்குப் போக வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மூடினால் முன் சக்கரம் புதைந்து ஆள் முன்னால் விழுவார். பிரேக்குக்கு அதிகம் வேலையே இல்லை, மணலே பிடித்து நிறுத்திவிடும். கிராண்ட் பிரியில் 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும், அப்படி ஒரே நாளில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். இங்கே பயிற்சிக்கு வந்த திடகாத்திரமான உள்ளூர் இளைஞர்கள் கால் மணி நேரத்தில் வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வேனின் படியில் உட்கார்ந்தார்கள்.

தொழில்முறை ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார், பெயர் வேண்டாம். அவர் கடக்கும்போது மட்டும் எஞ்சின் சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் இருந்தது. மற்றவர்களின் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ‘ம்ம்ம்’ என்று அடங்கி மறுபடி கத்தும். கண்ணை மூடிக்கொண்டால்கூட யார் கெட்டிக்காரர் என்று சொல்லிவிடலாம். சத்தத்தைத் தவிர என்ன செய்தி என்று கேட்ட பேராசிரியருக்குச் சத்தத்திலேயே செய்தி இருக்கிறது என்று நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். ரெக்கார்டர் ட்ராக் பக்கம் எதற்கும் உதவாது. நோட்டு உதவும், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மணல்.

வேன்கள் நிற்கும் இடத்தில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக், பேரனின் வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தார். இருக்கையைக் கழற்றி, எண்ணெயில் ஊறிய நுரை ஃபில்டரை வெளியே எடுத்தார். வெளிப்பக்கம் சர்க்கரை தூவிய மாதிரி மணல் அப்பியிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து ஒரு பையில் போட்டுவிட்டு, ஃபில்டர் இருந்த ஓட்டையைத் துணியால் அடைத்தார். அதன் பிறகுதான் சுற்றியிருந்த மணலைத் துடைத்தார். வரிசை மாறினால் மணல் எஞ்சினுக்குள் போய்விடும், அப்புறம் பிஸ்டனுக்குப் பணம் தேட வேண்டியதுதான். “இந்த மணல் எதையெல்லாம் தின்னும்?” என்று கேட்டேன். செயின், பிரேக் பேட், பேரிங், முழங்கால் என்று விரல் விட்டு எண்ணினார். கடைசியில் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

உண்மையில் இந்த விளையாட்டின் கதையே பணம்தான். புது 450 சிசி வண்டி பத்தாயிரம் யூரோவுக்கு மேல். மணலுக்கென்று துடுப்பு மாதிரிப் பட்டை வைத்த பின் டயர், பெரிய ஸ்ப்ராக்கெட், இறுக்கமான சஸ்பென்ஷன். ஓட்டுநர் கண்ணுக்கு மாட்டும் கண்ணாடியில் மணல் அடித்தால் இழுத்துச் சுருட்டும் ஃபிலிம் ரோல். எல்லாமே தேய்ந்து தீரும் சாமான். தட்டு கழுவும் எனக்கு அந்த விலைகளைக் கேட்கவே நெஞ்சு அடைத்தது. ஆனால் இங்கே வந்திருந்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. தச்சர், லாரி ஓட்டுநர், தொழிற்சாலை ஷிப்டு முடித்து வந்தவர்கள். பழைய வேனுக்குள்ளேயே படுக்கை போட்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகாத காசு வண்டிக்குப் போகிறது. நம் நாட்டில் இந்த விளையாட்டு வளராததற்குத் திறமை காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஷொரணூர்ப் பக்கத்து ஹரித் நோவா 2024இல் டாக்கர் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில், பைக் பிரிவில் ஒட்டுமொத்தமாக 11ஆவது இடம் பிடித்தவர், அவர் மோட்டோகிராஸின் அரங்க வடிவமான சூப்பர்கிராஸிலிருந்து வந்தவர்தான். நமக்கு இல்லாதது வேன் நிறுத்தவும் வண்டி ஓட்டவும் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடம்.

இங்கேயும் அது குறைந்துகொண்டுதான் வருகிறது. சத்தம், இயற்கைப் பாதுகாப்பு, அனுமதிச் சிக்கல் என்று பெல்ஜியத்தின் வடபாதியான இந்த ஃபிளாண்டர்ஸில் நிரந்தர ட்ராக்குகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் 450 சிசி சத்தத்தில் யார் எழுந்திருக்க விரும்புவார்கள்? என் கட்டுரை இனி இதைப் பற்றித்தான். அடுத்த முறை வண்டிகளை விட்டுவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டப் போகிறேன்.

பொடிசுகளைச் சொல்லாமல் விடக்கூடாது. 65 சிசி வண்டியில் ஒரு சிறுமி, பத்து வயது இருந்தால் அதிகம். கரையேற்றம் ஒன்றில் ஏற முடியாமல் விழுந்தாள். அவள் அப்பா ஓடிப் போய்த் தூக்குவார் என்று பார்த்தால், மனிதர் கையைக் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கிறார்! கொடி காட்டுபவர் மட்டும் மஞ்சள் கொடியை வீசிக்கொண்டிருந்தார். அவளே வண்டியை நிமிர்த்தி, உதைத்து, மூன்றாம் உதையில் கிளப்பிப் போய்விட்டாள். சுற்று முடிந்து வந்து கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கையில் கொப்புளம். அப்பா குடிதண்ணீரை ஊற்றி, ஒரு பிளாஸ்திரி ஒட்டி, மறுபடி கையுறையை மாட்டிவிட்டார். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். “நல்ல வேளை, நீ எழுதுறதோட நிக்கிற” என்றாள்.

சாப்பாடு! நாள் முழுக்க ஒரு வாழைப்பழத்தில் ஓட்டியிருந்தேன். வரும் வழியில் சாலையோர உருளைக்கிழங்கு வறுவல் கடை ஒன்று. பெல்ஜியத்தில் கிழங்கை இரண்டு முறை பொரிப்பார்கள், அதுவும் மாட்டுக் கொழுப்பில். மேலே மாட்டிறைச்சியைப் பீரில் வேகவைத்த குழம்பை ஊற்றித் தரச் சொன்னேன். கெட்டியாக, கறுப்பாக, லேசான இனிப்போடு. காகிதக் கூம்பின் அடியில் ஊறிக் கிடந்த துண்டுகள் இருக்கின்றனவே, அதற்காகவே இன்னொரு முறை லோமல் போகலாம். ஏழு யூரோ. பிரஸ்ஸல்ஸின் சுற்றுலாச் சந்துகளில் இதே காசுக்குச் சவசவவென்று பாதி அளவுதான் தருகிறார்கள். பல்லில் மணல் கடிபட்டது, அது கடைக்காரர் குற்றமில்லை.

திரும்பும்போது டாக்ஸி என்ற பேச்சுக்கே இடமில்லை. மெக்கானிக் தாத்தா மோல் நிலையம் வரை ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் பேரன் தூக்கம், நடுவில் நான், பின்னால் இரண்டு வண்டிகளும் பெட்ரோல் வாசனையும். நான் எந்த ஊர் என்று கேட்டார். சிவப்பு மணல் உள்ள ஊர் என்று தேரிப் படத்தைப் போனில் காட்டினேன். வேகத்தைக் குறைத்து நன்றாகப் பார்த்தவர், “இதில் யார் பயிற்சி எடுக்கிறார்கள்?” என்று கேட்டார். ஆடுகள் என்றேன்.

போகிறவர்களுக்கு: சைக்கிளை ரயிலில் ஏற்றிப் போங்கள். அதற்குத் தனி டிக்கெட் எடுத்தாலும் 28 யூரோ ஆகாது. பாதை தட்டையானது, கால்வாய் ஓரமாக அருமையான சைக்கிள் தடம் இருக்கிறது. பயிற்சி நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம். வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், பின் சக்கரம் அள்ளி வீசும் மணல் முகத்தில் அறையும். கேமராவைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள், என் லென்ஸின் வளையம் இன்னும் நறநறக்கிறது, சுத்தம் செய்யக் கடைக்காரர் கேட்கும் தொகையைக் கேட்டால் டாக்ஸிக்காரரே தேவலை.