மாரியில் கட்டு, கச்சானில் பூசு: பல்சா விமானம் கட்ட நினைக்கும் உயர்தரக்காரருக்கு

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை என்ன செய்வது என்று கேட்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: ஒரு பல்சா விமானப் பெட்டி வாங்கிக் கட்டிப் பாருங்கள். பல்சா என்ற மிக இலேசான மரத்தின் குச்சிகளை ஒட்டி, மேலே தாள் போர்த்தி, ரப்பர் முறுக்கில் பறக்கவிடும் மாதிரி விமானம் அது. பௌதிகமோ பொறியியல் தொழினுட்பமோ படித்தவர் என்றால் இன்னும் நல்லது. திருப்பம், புவியீர்ப்பு மையம் என்று கொப்பியில் கீறியதெல்லாம் கைக்கு வரும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் அறிவுறுத்தல் தாளை எழுதியவர் மட்டக்களப்பு வாவிக்காற்றை நினைத்து எழுதவில்லை. இங்கே எந்த வேலையை எந்தக் காலத்தில் செய்வது என்பதுதான் பாதி வித்தை.

முதலில் பெட்டி. 1926இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான கில்லோஸின் பெட்டிகள்தான் இணையத்தில் இலகுவாகக் கிடைப்பவை. படத்தைப் பார்த்துப் போர் விமானத்தில் ஆசைப்படாதீர்கள். செஸ்னா, பைப்பர் கப் போல இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் ஒன்றை எடுங்கள். அது சரிந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். சின்னது சுகம் என்பதும் பொய். ஏறக்குறைய 24 அங்குல இறக்கை உள்ளதைக் கட்டுவதும் பறக்கவிடுவதும் சின்னதை விடச் சுலபம்.

மரவேலை முழுவதையும் மாரியில் வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை, மார்கழியில் வெளியே போகவும் வழியில்லை. வரைபடத்தை மென்பலகையில் விரித்து, மேலே மெல்லிய பொலித்தீன் போட்டு, அதன்மேல் குச்சிகளை வைத்து ஒட்ட வேண்டும். குண்டூசியைக் குச்சிக்குள் குத்தாமல் இரண்டு பக்கமும் அணைத்துக் குத்துங்கள். ஒட்டுவதற்குத் தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை போதும். சூப்பர் குளூ அவசரத்துக்கு உதவும், ஆனால் காய்ந்த இடம் கல்லாகிவிடும். தேய்க்கப்போனால் பக்கத்து மரம்தான் தேயும். மழை நாளில் வெள்ளைப் பசை காய நேரம் எடுக்கும், இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

ஒட்டத் தொடங்குமுன் குச்சிகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் சில இறுக்கமாகவும் சில பஞ்சாகவும் இருக்கும். இறுக்கமானவை இறக்கையின் நீளச் சட்டத்துக்கு, மென்மையானவை வாலுக்கு. ஏன் வாலுக்கு? வால் சமநிலைப் புள்ளியிலிருந்து 30 சென்ரிமீற்றர் பின்னால், மூக்கு 10 சென்ரிமீற்றர் முன்னால் என்று வையுங்கள். வாலில் 1 கிராம் கூடினால் மூக்கில் 3 கிராம் வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். பரீட்சையில் 2 புள்ளிக்கு வந்த கேள்வி இங்கே விமானம் பறக்குமா விழுமா என்று முடிவு செய்கிறது. வாலில் ஒரு சொட்டுப் பசை மிஞ்சினாலும் துடைத்துவிடுங்கள்.

தாள் ஒட்டுமுன் சட்டத்தைத் தேய்க்கும் வேலையில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். 400ஆம் இலக்க அரத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றி, பாரம் கொடுக்காமல் இழுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். இறக்கைக்குக் குறுக்கே நிற்கும் விலாத்துண்டுகளில் ஒன்று மற்றதைவிட மயிரளவு உயர்ந்திருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். அதை இப்போது விட்டால், தாள் இறுகிய பிறகு ஊருக்கே தெரியும்.

தாள் வேலைக்கு வெயில் வேண்டும், பங்குனிக்குப் பிறகு தொடங்குங்கள். கடையில் விற்கும் பட்டத்தாளைப் பட்டத்துக்கே வையுங்கள். தண்ணீர் பட்டால் சாயம் போகும், கிழியும். பெட்டியில் வரும் டிசுத்தாளின் மூலையைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள், ஒரு திசையில் நேராகக் கிழியும். அந்த நார் இறக்கையின் நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் விலாக்களுக்கு இடையில் தாள் குழிந்துவிடும். ஓரச் சட்டங்களில் மட்டும் பசை பூசி ஒட்டி, காய்ந்தபின் வாசனைத் திரவியப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, தூரத்திலிருந்து பனிபோல் அடியுங்கள். தாள் முதலில் தொய்ந்து பிறகு இறுகும். இறுகும்போது இறக்கையையும் முறுக்கும், ஆகவே காயும்வரை பலகையில் குத்தி வைத்திருங்கள். கீழே தீக்குச்சித் துண்டுகள் வைத்தால் அடிப்பக்கமும் காற்றுப் பிடிக்கும். இதை மழை நாளில் செய்தால், பின்னால் கோடை வந்ததும் தாள் இன்னும் இறுகிச் சட்டத்தை வளைத்துவிடும்.

அப்புறம் டோப், அதாவது தாளை இறுக்கிக் காக்கப் பூசும் தெளிவான பூச்சு. நம்முடைய ஈரக்காற்றில் டோப் பூசினால் வெள்ளை பூக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது, அவ்வளவுதான். இதற்கு மருந்து கச்சான் காற்று. மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும் அந்த வரண்ட காற்றை ஊரே திட்டும். டோப் பூசுகிறவருக்கு மட்டும் அது வரம். அந்தக் காலத்தில் மதிய நேரம் பாருங்கள். டோப்புக்கும் தின்னருக்கும் சரிபாதி, மெல்லிய இரண்டு பூச்சு போதும். சில துளி ஆமணக்கெண்ணெய் கலந்தால் நாளாக நாளாக நொறுங்காது. முன்பே பூத்துவிட்டதா? வரண்ட நாளில் வெறும் தின்னரை மெதுவாகப் பூசினால் பெரும்பாலும் தெளியும். அடுப்பு எரியும் வீட்டுக்குள் வேண்டாம், ஆவி பற்றிக்கொள்ளும். நிறப் பெயின்ற் பூசாதீர்கள். அழகுதான், ஆனால் பாரம்.

பறக்கவிட வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைதான் சரி. மானாவாரி வயல்கள் பெரும்போகம் வெட்டியபின் வெறுமையாகக் கிடக்கும். வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். திமிலைதீவில் விமான நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் வேண்டாம். பூசுவதற்கு உதவிய கச்சான் இங்கே எதிரி, காற்று எழுமுன் விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். வரைபடத்தில் குறியிட்ட இடத்தில், குறியில்லாவிட்டால் இறக்கை அகலத்தில் முன்பக்கமிருந்து மூன்றிலொரு பங்கில், இரண்டு விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். வால் சாய்ந்தால் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு. முதலில் ரப்பரை முறுக்காமல், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி மெதுவாகத் தள்ளிவிடுங்கள். ஏறி நின்று விழுந்தால் மூக்கில் பாரம் காணாது. நேரே குத்தினால் பாரம் கூடிவிட்டது. சீராக மிதந்த பிறகே ரப்பர், அதுவும் குறைந்த முறுக்கிலிருந்து. மிதக்கும்போது ஒழுங்காக இருந்து, முறுக்கியதும் ஏறி நின்றால், மூக்குக் கட்டையின் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய மரச்சீவல் செருகிப் புரொப்பெல்லரைக் கொஞ்சம் கீழ்நோக்கச் செய்யுங்கள்.

ரப்பருக்கு ஆமணக்கெண்ணெயே நல்லது, மெஷின் ஓயில் அதை அரித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ரப்பரைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வெளிச்சம் படாத போத்தலில் போடுங்கள். விமானத்தை வெயில் படும் யன்னலோரம் வைக்காமல் முகட்டில் தொங்கவிடலாம்.