சத்தமில்லாத தைரியம்

தைரியசாலி என்றதும் பலருக்கு மேசையைத் தட்டிப் பேசுகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். எனக்கு என்னவோ மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாதான் வருவார்.

2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் படத்துக்கு முந்தைய கதைதான் பெரிசு. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், அவர்களுக்காகக் கூலி பேசியவர். அப்புறம்தான் களஞ்சியம் சேமிப்புக் குழு. வட்டிக்காரரை நம்பியிருந்த பெண்களைத் தங்களுக்குள்ளேயே சேமித்துக் கடன் கொடுத்துக்கொள்ள வைத்தார். ஊர் ஊராக, பொறுமையாக.

பெண்களுக்குப் பொறுமை இயல்பிலேயே உண்டு என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதற்குப் பின்னால் எவ்வளவு பல்லைக் கடித்தல் இருக்கிறது!

எங்கள் தெருக் குழுவிலும் ஒரு பூக்கட்டும் அக்கா உண்டு. முந்தைய ராத்திரி வீட்டில் என்ன கூத்து நடந்திருந்தாலும் கூட்டத்துக்கு வந்துவிடுவார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரம் படிந்த பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்குவார். யாராவது 'பாவம்' என்று ஆரம்பித்தால், "மொதல்ல கணக்க முடிங்கம்மா" என்பார். சரி, பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மகள் நர்சிங் படிக்கிறாள். அந்த ஃபீஸும் குழுக் கடன்தான். இதுவரை ஒரு தவணைகூடத் தப்பவில்லை.