புரோட்டான் கடத்தும் போரான் கூண்டு

கரைசலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் மின்முனையின் கோடு சட்டென்று செங்குத்தாகச் சரிந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஆலிகோமைசின் என்ற மருந்தைப் போட்டு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உற்பத்தியை அடைத்த பிறகும், அதைத் தயாரிக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இப்படி ஆக்சிஜனை விழுங்குகிறதென்றால், உட்சவ்வு வழியே ஏதோ புரோட்டானைக் கடத்துகிறது. இந்த வேலையில் பழைய ஆசாமி டிஎன்பி, அதாவது டைநைட்ரோபீனால். 1930களில் உடல் மெலிய அதைச் சாப்பிட்டுச் செத்தவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது ஆர்த்தோ-கார்போரேனில் குழு ஒட்டிய மூலக்கூறுகள். கார்போரேன் என்பது 10 போரான், 2 கார்பன் அணுக்களால் ஆன 12 மூலைக் கூண்டு. புரோட்டானை விட்டதும் வரும் எதிர்மின்சுமை ஓரிடத்தில் தங்காமல் பரவுவதால், புரோட்டானை இறக்கிவிட்டுக் கொழுப்புச் சவ்வு வழியே வெறுங்கையோடு திரும்ப முடிகிறது. சவ்வைக் கடந்தால் மட்டும் போதாது. டெட்ராபீனைல்போரேட் என்ற எதிர்மின் அயனி ஜோராகக் கடக்கும், ஆனால் புரோட்டானைப் பிடிக்காது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அதற்குத் தோதாகக் கூண்டில் எந்தக் குழுவை ஒட்டுவது என்பதில்தான் இப்போது மண்டை காய்கிறது.