இரண்டு மில்லி காற்று

இதய ரத்தக் குழாய்களைப் பரிசோதிக்கும் கேத் லேபில் சேர்ந்த புதிதில், மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ முடிந்த கையில் ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை என்றால் அதுதான் நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். தமனிக்குள் செருகிய ஷீத் என்ற சிறு குழாயை உருவியதும், துளையைக் காற்றால் அழுத்தி மூடும் பேண்டை மணிக்கட்டில் சுற்றி, காற்றை நிறைய ஏற்றி வார்டுக்கு அனுப்பிவிடுவேன். காலையில் போய்ப் பார்த்தால் தோலில் ஈரமே இருக்காது. மனசுக்கு நிறைவாக இருக்கும்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெரியவர் மறுபடியும் நெஞ்சுவலியோடு வந்தார். முதல் தடவை அவருக்குப் பேண்ட் கட்டியது நான்தான். வலது மணிக்கட்டைத் தொட்டேன். துடிப்பு இல்லை. விரல்கள் கதகதப்பாகத்தான் இருந்தன. "கை நல்லாத்தானம்மா இருக்கு" என்றார். உண்மைதான். சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனியும் உள்ளங்கைக்கு ரத்தம் தருவதால், கட்டைவிரல் பக்கத்து ரேடியல் அடைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த முறை அந்த வழி தேவைப்படும்போதுதான் தெரிகிறது. அன்று தொடை வழியாகப் போனோம். அவருக்குச் சர்க்கரை, கிட்னியும் பலவீனம். நாளைக்கு டயாலிசிஸ் என்று வந்தால் அதற்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போட அந்தக் கை உதவியிருக்கும்.

தமனிக்குப் பொருந்தாத தடித்த ஷீத், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போதாதது என்று அடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பேண்டை நான் எவ்வளவு இறுக்கினேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

அதற்கப்புறம்தான் மூத்த சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அழுத்தும்போதும் உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியின் கட்டைவிரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, அல்நாரை விரலால் அழுத்திப் பிடிப்போம். மானிட்டரில் துடிப்பின் அலை படுத்துவிட்டால் பேண்ட் ரேடியலை முழுசாக மூடிவிட்டது என்று அர்த்தம். சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினால் தட்டைக் கோடு மெல்ல மேடாகி, அலை திரும்ப எழும். தோலில் ரத்தம் முத்துப்போலத் துளிர்த்தால் ஒன்றிரண்டு மில்லி திரும்ப ஏற்ற வேண்டும். அலையும் இருக்கணும், கசிவும் இருக்கக்கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இந்த முறையைச் சோதித்து 2008-ல் வந்த புரொஃபெட் ஆய்வை அன்று இரவே படித்தேன். 436 பேரைப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக அழுத்தியவர்களில் மறுநாள் 12 சதவீதம் பேருக்கு அடைப்பு. ஓட்டம் இருக்கும்படி அழுத்தியவர்களில் 5 சதவீதம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 7 சதவீதம், இரண்டாவதில் 1.8 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, காற்றின் அளவுதான்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "அக்கா, லேசா கசியுது, முழுசா ஏத்திடவா?" என்றாள்.

"ஒரு மில்லி மட்டும் ஏத்து. அல்நாரைப் பிடிச்சுக்கிட்டு அலையைப் பாரு."

கசிவு நின்றது. அலை இருந்தது. நேரத்தைச் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனோம்.