வைரம் பாய்ந்த வாக்கியம்

"பின்வரும் சொற்களைப் பொருள் விளங்க வாக்கியத்தில் அமைத்து எழுதுக." எங்கள் கல்லூரித் தமிழ் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் புள்ளி பெரும்பாலும் போனது 'பொருள் விளங்க' என்ற இடத்தில்தான். 'உறுதியான' என்ற சொல் வந்தால் "அவன் உறுதியான மனிதன்" என்று எழுதிக் கொப்பியை நீட்டுவது வழக்கம். இலக்கணப்பிழை இல்லை, ஆனால் புள்ளியும் இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நல்ல, கெட்ட, உயரமான என்று எதை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். ஆசிரியர்கள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். அடைமொழியை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை உரக்க வாசிக்க வேண்டும். மறைந்திருக்கும் சொல்லை வகுப்பு ஊகித்துவிட்டால் வாக்கியம் தேறிவிட்டது.

"வலை மூன்று முறை அறுந்த பிறகும், கடலை விட்டுப் போவதில்லை என்ற ........ முடிவோடு அவர் மறுபடி வள்ளத்தை இறக்கினார்." இந்த இடைவெளியில் உறுதியான, அசையாத, விடாப்பிடியான என்பன போன்றவற்றைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. வேலை செய்வது 'பிறகும்' என்பதில் உள்ள உம்மை, அதாவது ஈற்று 'உம்'. எதிர்த்து ஒன்று தள்ளினால்தான் உறுதி தெரியும். ஆகவே 'அறுந்தும்', 'தடுத்தபோதும்', 'எவ்வளவு சொல்லியும்' என்று தடையைக் காட்டும் ஓர் உம்மையை முதலில் எழுதி, அடைமொழியைப் பிறகு எழுத வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிற எங்கள் பழைய மாணவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியது இதைத்தான். அடைமொழியில் தொடங்கும் பிள்ளை வெறும் பாராட்டு ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திவிடும்.

அடுத்தது, உறுதியைச் சொல்லும் சொற்களில் எது எந்தப் பெயரோடு சேரும் என்பது. 'கடுமையான உழைப்பு' சரி. ஆனால் 'கடுமையான அதிபர்' என்றால் கண்டிப்பானவர் என்றுதான் விளங்கும், கொண்ட கொள்கையில் நிற்பவர் என்று விளங்காது. 'கல்' நெஞ்சோடு சேர்ந்தால் இரக்கமின்மை வந்துவிடும், கன்னெஞ்சன் என்பது வசவு. 'பிடிவாதமான' என்பதில் சொல்பவருடைய சலிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே குணத்தை மெச்சிச் சொல்ல 'விடாப்பிடியான' உதவும், 'தளராத' இன்னும் நல்லது. 'இரும்பு' இரண்டு பக்கமும் வெட்டும். மார்கரெட் தாட்சருக்கு 'இரும்புப் பெண்மணி' என்ற பட்டத்தை 1976இல் சூட்டியது சோவியத் இராணுவப் பத்திரிகை. இகழ்ச்சியாகச் சொன்னதை அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார். படேலை 'இரும்பு மனிதர்' என்பதில் இகழ்ச்சியே இல்லை. எனவே இரும்பை அடைமொழியாக வைத்தால், சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வாக்கியத்தின் மற்றப் பகுதியில் தெரிய வேண்டும்.

எங்கள் ஈழத்துப் பேச்சுக்கே உரிய 'ஓர்மம்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. "ஓர்மமான பெட்டை, தனிய நிண்டு சாதிச்சுப் போட்டாள்" என்று வீட்டில் சொல்வதில் துணிவும் விடாமையும் சேர்ந்தே வருகின்றன. 'உறுதியான' என்பதில் இந்தச் சூடு இல்லை. கட்டுரையில் 'ஓர்மம் மிக்க' என்று தயங்காமல் எழுதலாம். உறுதிக்கும் எங்களிடம் இன்னொரு வேலை உண்டு. காணி உறுதி என்றால் நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) எழுதிய பத்திரம். ஆகவே 'உறுதிக் காணி' வேறு, 'உறுதியான நிலம்' வேறு. இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

இந்தச் சொற்களிலெல்லாம் நுட்பமானது 'வைரம் பாய்ந்த'. இது மரத்திலிருந்து வந்தது. வேம்பை அறுத்தால் வெளியே வெளிறிய வெள்ளை மரம், உள்ளே சிவந்து இறுகிய வைரம். பனையில் இது தலைகீழ். வைரம் வெளிச்சுற்றில், நடுவில் நாரும் சோறும். கூரைக்குச் சிலாகை அறுப்பவர்கள் அந்த நடுப்பகுதியைக் கழித்துவிட்டுக் கறுப்பு விளிம்பைத்தான் எடுப்பார்கள். தொல்காப்பிய மரபியல் இதையே "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்று பிரித்துவைத்தது. காழ் என்பது வைரம். அந்தக் கணக்கில் பனை மரமல்ல, புல்.

வைரம் ஒரு நாளில் பாய்வதில்லை. இளம் பனையை வெட்டிப் போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். ஆகவே இந்த அடைமொழி வரும் வாக்கியத்தில் காலம் இருக்க வேண்டும். "நாற்பது வருடம் துலா மிதித்து வைரம் பாய்ந்த கால்கள்" நிற்கும். "கேட்டவுடனே வைரம் பாய்ந்த முடிவெடுத்தான்" நிற்காது, 'உடனே' அதை முறித்துவிடுகிறது. வைரம் பாய்ந்த குழந்தை என்றும் ஒன்று இல்லை. இதோடு 'வைராக்கியமான' என்பதையும் ஒரே வேரென்று நினைத்துக் குழப்புவார்கள். அது பற்றின்மையைக் குறிக்கும் வடசொல். பற்றை விட்டவன் எடுத்ததை விடமாட்டான் என்ற வழியில் பேச்சில் விடாப்பிடிக்கு வந்து சேர்ந்தது.

'திண்ணிய' இன்றைய உரைநடையில் அருகிவிட்டாலும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாட்டில் இருக்கிறது. "எண்ணிய எண்ணியாங்கு எய்துப எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்பது 666ஆம் குறள். அதே எதுகையைப் பாரதியார் "எண்ணிய முடிதல் வேண்டும்" என்று தொடங்கித் "திண்ணிய நெஞ்சம் வேண்டும்" என்று கொண்டுவந்தார். குறளில் உறுதி ஒரு நிபந்தனை: 'பெறின்'. எண்ணினால் மட்டும் கைகூடாது. பிள்ளை எழுதும் வாக்கியத்திலும் இந்த 'ஆல்', 'இன்' வரட்டும்: "திண்ணிய மனம் இருந்தால் இந்தக் குளிரிலும் ஓடிப் பழகலாம்."

இனிச் சந்தி. பாதிப் பேருக்கு இங்கேயும் புள்ளி குறையும். 'உறுதியான கொள்கை', 'அசையாத கொள்கை', 'திண்ணிய தோள்' என்பவற்றில் ஒற்று மிகாது. 'அசையாத' என்பதில் ஈற்றுத் தகரத்தைக் கெடுத்து 'அசையா' என்று எழுதினால் உடனே மிகும்: அசையாக் கொள்கை, தளராத் துணிவு, வளையாச் செங்கோல். விடாப்பிடியில் ப் வந்ததும் இதனால்தான். விடாமுயற்சியில் வராதது, அங்கே வருவது மகரம், வல்லினம் அல்ல என்பதால். 'உறுதியாக', 'உறுதியாய்' இரண்டின் பின்னும் மிகும்: உறுதியாகச் சொன்னாள், உறுதியாய்ப் பிடித்தான். 'கடும்' வருமெழுத்தைப் பார்த்து மாறும்: கடுங்குளிர், கடுஞ்சொல், கடுந்தவம், கடும்பனி. 'திண்' தகரத்தோடு சேர்ந்தால் திண்டோள் என்றாகும். பிள்ளைக்கு அது கடினமாக இருந்தால் 'திண்ணிய தோள்' என்று பிரித்தே எழுதலாம், பிழையில்லை.