ரெண்டு தடவ வந்த இம்பெல்லர்: சைட்டுல சாட் வைக்கப் போறவங்களுக்கு

பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற ஒரு கடைக்கு நான்தான் சைட் பண்ணிக் கொடுத்திருந்தேன். அந்தக் கடைக்கார அண்ணன் ஒரு நாள் கூப்ட்டு, "தம்பி, மெக்கானிக்குங்க எல்லாம் போன் மேல போன் போடுறாங்க, கவுண்டர்ல ஒரே பையன், அவன் பில்லு போடுவானா போன எடுப்பானா, சைட்லயே ஒரு சாட் வச்சுக் குடு"ன்னாரு. சாட் தானேன்னு நானும் ஒத்துக்கிட்டேன்.

பிரவுசரும் சர்வரும் உடனுக்குடன் பேசிக்கிறதுக்கான சாக்கெட்.ஐஓங்கிற லைப்ரரிய எடுத்தேன், அதோட டாக்குமென்டேஷன்ல ஆரம்பப் பாடமே ஒரு சாட் ஆப் தான், ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு ரூம், கீழ ஒரு பாக்ஸ், அனுப்புற பட்டன், எல்லாம் ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுது. ஆபீஸ் வைஃபைல ரெண்டு லேப்டாப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு டெஸ்ட் பண்ணப்போ அப்படி ஒரு ஸ்பீடு.

ஆனா மெக்கானிக் ஆபீஸ் வைஃபைல இருக்க மாட்டாரு. கிணத்து மேட்டுல நிப்பாரு, டவர் ஒரு கோடு வரும், போகும். அப்படி ஒருத்தரு "3 எச்பி மோனோபிளாக்குக்கு இம்பெல்லர் ஒண்ணு, சாயங்காலம் பஸ்ல போட்டு விடுங்க"ன்னு அனுப்பினாரு. (இம்பெல்லர்ங்கிறது பம்புக்குள்ள சுத்தி தண்ணியத் தள்ளுற சக்கரம்.) கவுண்டர் ஸ்க்ரீன்ல அதே மெசேஜ் ரெண்டு வந்துச்சு. ரெண்டு பம்புக்குப் போலன்னு பையன் ரெண்டா பேக் பண்ணி பில்லும் போட்டு அனுப்பிட்டான். அந்த மெக்கானிக் போன்ல கத்துனதுல நியாயம் இருந்துச்சு.

நடந்தது என்னன்னா, மெசேஜ் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருச்சு, "வந்துருச்சு"ன்னு சர்வர் சொன்ன பதில்தான் திரும்பி வர்ற வழியில டவரோட சேர்ந்து போயிருச்சு. என் கோடு அஞ்சு செகண்ட் பாத்துட்டு பதில் வரலையேன்னு மறுபடி அனுப்பிருச்சு, சர்வர் அத புது மெசேஜா எடுத்துக்கிச்சு. சாக்கெட்.ஐஓ மேல குத்தம் சொல்ல முடியாது, சும்மா விட்டா ஒரு மெசேஜ் அதிகபட்சம் ஒரு தடவதான் போகும், மறுபடி அனுப்பணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐடி போட்டு சர்வர்ல வடிகட்டிக்கோன்னு அவங்க தெளிவாவே எழுதி வச்சிருக்காங்க. 2023ல வந்த 4.6 வெர்ஷன்ல கனெக்‌ஷன் விட்டுப் போனா பழைய நிலைய மீட்டுக்குற வசதியும் சேத்தாங்க, ஆனா அது கொஞ்ச நேரத்துக்கான ஏற்பாடு, அதத் தாண்டினா டேட்டாபேஸ்ல இருந்து நாமதான் எடுத்துக் குடுக்கணும்.

சரின்னு ஐடி போட்டேன், விட்டுப்போனத எடுக்க ஒரு கொயரி எழுதுனேன். அடுத்து ஓனர் அண்ணன் தன் போன்லயும் அதே லாகின்ல உக்காந்தாரு, அவர் போன்ல குடுத்த பதில் கவுண்டர் கம்ப்யூட்டர்ல தெரியல, அதுக்கு ஒரு கோடு. அப்புறம் டிக் மார்க் கேட்டாங்க, அப்புறம் பழைய பேச்சு வேணும்னாங்க. ஒரு ராத்திரி உக்காந்து யோசிச்சப்பதான் உறைச்சுது, இதெல்லாம் வேற யாரோ இருபது வருஷமா ஒவ்வொண்ணா அடிபட்டு எழுதி வச்சது, நான் அதையே அரைகுறையா மறுபடி எழுதிட்டு இருக்கேன்.

அது எக்ஸ்எம்பிபி, சாட் ஆப்பும் சர்வரும் மெசேஜ் பரிமாறிக்கிறதுக்கான பொது விதிமுறை. 1999 ஜனவரில ஜெரமி மில்லர் ஜாபர்ங்கிற பேர்ல அறிவிச்சது, 2004ல ஆர்எஃப்சிங்கிற இணைய விதிமுறை ஆவணங்கள்ல 3920, 3921னு ஸ்டாண்டர்டாச்சு. 2005ல கூகுள் டாக் வந்தப்போ உள்ள ஓடுனது இதுதான், வாட்ஸப்பும் ஆரம்பத்துல ஈஜாபர்டிங்கிற எக்ஸ்எம்பிபி சர்வர எடுத்து தனக்கேத்த மாதிரி மாத்தித்தான் கெளம்புச்சு. காலேஜ்ல பிட்ஜின்ங்கிற சாட் ஆப்ல ஜிடாக், ஃபேஸ்புக் ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டையும் ஒரே ஜன்னல்ல வச்சுப் பேசுனவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பழசுன்னு ஒதுக்காதீங்க. இதுல எக்ஸ்இபின்னு நம்பர் போட்ட கூடுதல் விதிமுறைகள் இருக்கு, அதுல 0198 ஒண்ண மட்டும் புரிஞ்சுக்கிட்டாலே என் இம்பெல்லர் கதை தீந்துரும். கிளையன்ட் (பேசுறவர் போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஓடுற சாட்), சர்வர் ரெண்டு பேரும் எதிராளிகிட்ட இருந்து இதுவரைக்கும் எத்தனை வாங்கினோம்னு ஒரு எண்ணிக்கை வச்சிருப்பாங்க. நான் 14 அனுப்பியிருக்கேன், டவர் போயிருச்சு, திரும்ப வந்ததும் புதுசா லாகின் பண்றதுக்குப் பதிலா "அந்தப் பழைய கனெக்‌ஷனத் தொடரணும், உன்கிட்ட இருந்து நான் வாங்குனது இத்தனை"ன்னு கிளையன்ட் சொல்லும். சர்வர் "உன்னோடது என்கிட்ட 14 வந்துச்சு"ன்னா எதையும் மறுபடி அனுப்ப வேண்டாம், 13ன்னா அந்தக் கடைசி ஒண்ண மட்டும் அனுப்பினாப் போதும். அஞ்சு செகண்டு கணக்கே இல்ல, யூகமே இல்ல, ரெண்டு பக்கமும் கணக்குப் பாத்து நேர் பண்ணிக்குது. ரொம்ப நேரம் டவர் இல்லாம அந்தப் பழைய கனெக்‌ஷன சர்வர் கைவிட்டுட்டா? அப்ப 0313, அதாவது சர்வர்ல இருக்குற ஆர்கைவ்ல "இந்த ஐடிக்கு அப்புறம் வந்ததெல்லாம் குடு"ன்னு கேக்கலாம், 0359 படி கிளையன்ட் போட்டு அனுப்புன ஐடியும் அதுலயே இருக்கும், அதனால நம்ம மெசேஜ் போச்சா போகலையான்னு அங்கயே தெரிஞ்சிரும். ஒரே ஆளு ரெண்டு இடத்துல லாகின் பண்ற பிரச்சனைக்கு 0280, நீங்க போன்ல அனுப்புனதோட காப்பி கம்ப்யூட்டருக்கும் வரும்.

சர்வருக்கு ப்ரோசோடி எடுத்தேன், லூவாங்கிற மொழில எழுதுனது, சின்ன விபிஎஸ்லயே (வாடகைக்கு எடுக்குற சர்வர்) ஓடுது, கான்ஃபிக் ஃபைல கண்ணால படிச்சா புரியும். வெப் பக்கத்துக்குள்ள வைக்கிறதுக்கு கன்வர்ஸ் ஜேஎஸ்ங்கிற சாட் கிளையன்ட், ஒரு ஸ்க்ரிப்ட், ஒரு சிஎஸ்எஸ், ஒரு இனிஷியலைஸ் கால், அவ்ளோதான். ஓரத்துல மிதக்குற பெட்டியாவும் வைக்கலாம், முழு ஸ்க்ரீனாவும் வைக்கலாம். சைட்டுல ஏற்கனவே லாகின் பண்ணவர்கிட்ட சாட்டுக்குன்னு தனியா பாஸ்வேர்ட் கேக்காதீங்க, அவர் விவரத்த நம்ம சர்வர்ல இருந்தே எடுத்துக்குற மாதிரி அதுல செட்டிங் இருக்கு.

ஒரு நாள் பூரா என்னை அலைய வச்சது என்ஜின்எக்ஸ், ப்ரோசோடிக்கு முன்னாடி நின்னு போக்குவரத்த உள்ள கடத்துற வெப் சர்வர். யாரும் பேசாம இருந்தா சரியா ஒரு நிமிஷத்துல கனெக்‌ஷன் அறுந்துக்கிட்டே இருந்துச்சு, ப்ரோசோடி லாக பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. உள்ள இருந்து எதுவும் வராம எவ்ளோ நேரம் பொறுக்கணும்ங்கிற ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் எதுவும் போடலன்னா 60 செகண்ட்னு எடுத்துக்கும், வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல திறந்தே இருக்குற சாட் பாதை) போற பாதைக்கு மட்டும் அத ஏத்தி விட்டதும் அடங்கிருச்சு.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு சாட் செய்யறவங்க ரெண்டு விஷயத்த கண்டிப்பா டெஸ்ட் பண்ணுங்க, நான் கையால எழுதுன முதல் வெர்ஷன்ல ரெண்டுலயும் மாட்டுனேன். கவுண்டர் பையன் ஃபொனட்டிக்ல அடிக்கிறவன், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வர்ற லிஸ்ட்ல "இருக்கு"ன்னு தேர்ந்தெடுக்க என்டர் தட்டுவான், என் பாக்ஸ் அந்த என்டரையே அனுப்பச் சொன்னதா எடுத்துக்கிட்டு பாதி வாக்கியத்த அனுப்பிரும். கீடவுன் ஈவென்ட்ல இஸ்கம்போசிங் (எழுத்து இன்னும் உருவாகிட்டு இருக்குங்கிற அடையாளம்) ட்ரூவா இருந்தா அனுப்பாதன்னு ஒரு வரி போட்டா க்ரோம்ல சரியாயிரும், சஃபாரில அது பத்தாது, கீகோட் 229ஆன்னும் சேத்துப் பாக்கணும். இன்னொண்ணு நோட்டிஃபிகேஷன்ல காட்டுற முன்னோட்டம். "இம்பெல்லர்" நம்ம கண்ணுக்கு 6 எழுத்து, ஜாவாஸ்க்ரிப்ட்ல லெங்த் கேட்டா 10. ஸ்லைஸ் போட்டு கண்ட இடத்துல வெட்டுனா "பெ"ல கொம்பு போயி வெறும் "ப" நிக்கும், புள்ளி போயி "ல்" லவாயிரும். பிரவுசர்லயே இருக்குற இன்டல்.செக்மென்டர் வச்சு எழுத்தெழுத்தா எண்ணி வெட்டுங்க, ஃபயர்ஃபாக்ஸ்லயும் 2024ல வந்துருச்சு, இனிமே சாக்கு இல்ல.

குறை இல்லாம இல்ல. போன் லாக் ஆனா பக்கம் தூங்கிரும், மெசேஜ் வந்தது தெரியாது, பக்கம் திறக்காமலே அறிவிப்பு காட்டுற புஷ் தனியாத்தான் வைக்கணும், ஐபோன்ல ஐஓஎஸ் 16.4க்கு அப்புறம், அதுவும் சைட்ட ஹோம் ஸ்க்ரீன்ல சேத்து வச்சிருந்தாதான் வெப் புஷ் வரும். எக்ஸ்இபி நம்பருங்கள முதல் தடவ பாக்கும்போது தலை சுத்தும், மேல சொன்ன நாலோட ஆரம்பிச்சாப் போதும்.

அதுக்கப்புறம் 0363 படி ஃபைல் அனுப்புறதயும் திறந்து விட்டேன். படம் எச்டிடிபில சர்வருக்கு ஏறும், மெசேஜ்ல அதோட லிங்க் மட்டும் போகும், ப்ரோசோடில தானா இருக்குற அளவு 10 எம்பி. இப்ப மெக்கானிக்குங்க மாடல் பேரே அடிக்கிறதில்ல. தேஞ்சு போன இம்பெல்லர உள்ளங்கைல வச்சு, அளவு தெரிய பக்கத்துல ஒரு ரூபா காசு ஒண்ணு வச்சு, படம் புடிச்சு அனுப்புறாங்க, பையன் அதப் பாத்துட்டு நேரா ரேக்குக்குப் போறான்.