பிரிண்டருக்கும் ஒரு கதவு எண் வேண்டும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. வெள்ளி ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வினாத்தாள் தயாராகும். வாராவாரம் எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது. காரைக்குடியில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், 22 பிள்ளைகள். வட்டமும் தொடுகோடும் வருகிற வினாவைப் போர்டில் வரைந்து போட்டால், பார்த்து வரைகிற பிள்ளை கோணத்தைத் தப்பாக வரைந்துவிடும், பிறகு விடையும் தப்பாகும். அதனால் வினாத்தாளை அச்சிட்டுத்தான் கொடுப்பேன். அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நாங்கள் குடியிருப்பது பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் ஒரு பகுதி. இன்டர்நெட் ஃபைபர் கேபிள் தெருவிலிருந்து முகப்புக்குத்தான் வருகிறது என்பதால் வைஃபை தரும் ரவுட்டர் அங்கே இருக்கிறது. நடுவில் வளவு, அதாவது முற்றம். பிரிண்டர் அதற்குப் பின்னால், இரண்டாம் கட்டுப் பகுதியில். நான் பாடம் எடுப்பதும் லேப்டாப்பில் வேலை பார்ப்பதும் முகப்பு அறையில். அச்சிட வேண்டுமென்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வளவைத் தாண்டிப் போய், யூஎஸ்பி கேபிளைச் செருகி, தாள் வரும்வரை நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும். நாலு வருஷம் அப்படியே ஓட்டினேன். கேபிள் செருகிச் செருகி லேப்டாப்பின் போர்ட் ஆட ஆரம்பித்தது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், பாதித் தாள் வந்த நிலையில் தொடர்பு அறுந்து, பத்து மணிக்கு மேல் ஜெராக்ஸ் கடை தேடி அலைந்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் வைஃபை.

பிரிண்டர் 2019-இல் வாங்கியது. இங்க் டேங்க் மாடல், திரை கிடையாது, பொத்தான்களும் விளக்குகளும் மட்டும். வைஃபை வசதி வாங்கின அன்றிலிருந்தே இருக்கிறது. நான்தான் தொடவில்லை.

முதல் நாள் செல்போனில் பிரிண்டர் கம்பெனியின் ஆப்பைப் போட்டேன். லொகேஷன் அனுமதி கேட்டது. பிரிண்டருக்கு எதற்கு நான் இருக்கும் இடம் என்று மறுத்துவிட்டேன். அங்கேயே முதல் முட்டுக்கட்டை. பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கின்றன என்று ஓர் ஆப் தேடிப் பார்க்க ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் லொகேஷன் அனுமதி வேண்டும். வைஃபை பெயர்களை வைத்து ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. கொடுத்தேன், பிரிண்டர் தெரிந்தது.

இணைப்பு நடக்கும்போது பிரிண்டரே சின்னதாக ஒரு வைஃபையை உண்டாக்கும். செல்போன் அதில் ஏறித்தான் நம் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்குச் சொல்லும். அந்தத் தற்காலிக வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. “இந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லை, மாறலாமா?” என்று செல்போன் கேட்டது, ஆம் என்று அமுக்கிவிட்டேன். பேச்சு பாதியில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை கடைசிவரை போய், உங்கள் நெட்வொர்க்கைப் பிரிண்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து நின்றது.

பெங்களூரில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு இந்த வேலை தெரியும்.

“அக்கா, பிரிண்டர் வந்த பெட்டி இருக்கா?”

“பரண்ல இருக்குடா.”

“எடுத்து, வைஃபைன்னு போட்டிருக்கிற இடத்துல என்ன எழுதியிருக்குன்னு படி.”

802.11 பி/ஜி/என் என்று இருந்தது. அவ்வளவுதான். அடுத்து, செல்போன் எந்த வைஃபையில் இருக்கிறது என்று கேட்டான். எங்கள் ரவுட்டர் இரண்டு பெயர் காட்டும்: வீட்டுப் பெயர் ஒன்று, அதே பெயருக்குப் பின்னால் 5ஜி என்று சேர்த்து இன்னொன்று. வேகமானது என்று நாங்கள் எல்லோரும் 5ஜியில்தான் இருந்தோம். அது செல்போன் கம்பெனிகள் விற்கும் 5ஜி என்றே நான் எண்ணியிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ரவுட்டரில் அந்தப் பெயர் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது. மற்றது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். பெட்டியில் பி/ஜி/என் என்று மட்டும் போட்டிருக்கும் பிரிண்டருக்கு அநேகமாக 2.4 மட்டும்தான் கேட்கும். ஆப் என் செல்போன் இருந்த 5ஜி பெயரைப் பிரிண்டரிடம் சொல்லியிருக்கிறது. அதன் காதில் விழாத ஒரு பெயரைத் தேடச் சொன்னால் அது என்ன செய்யும்?

இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த 2.4 மேல் ஒரு மரியாதை வந்தது. வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டிப் போவதில் அது 5-ஐ விடக் கெட்டி. இந்த வீட்டின் செங்கல் சுண்ணாம்புச் சுவர்களின் கனத்துக்கு இரண்டாம் கட்டு வரை போய்ச் சேருவது அதுதான். ஒரு வினாத்தாளுக்கு வேகம் எதற்கு? வந்து சேர்ந்தால் போதும்.

ஆனால் 2.4-இன் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த தாளில் இருந்ததைப் போட்டால் ஏற்கவில்லை. நெட் கனெக்ஷன் கொடுத்த அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனுஷர், சாயங்காலமே வந்துவிட்டார். போன வருஷம் ரவுட்டர் மாற்றியபோது இரண்டையும் தானே மாற்றியமைத்ததாகச் சொன்னார். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போகும் முகவரி 192.168.1.1, அதற்கான பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதித் தந்தார். “டீச்சர், இத வேற யார்கிட்டயும் குடுத்துராதீங்க” என்றார். நியாயமான பேச்சு. வீட்டுக்கு நெட் வாங்குகிற எல்லோரும் அன்றைக்கே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டு இல்லாமல் இனி வரும் எதையும் நான் செய்திருக்க முடியாது.

பாஸ்வேர்டு கிடைத்தது. செல்போனை 2.4-க்கு மாற்றிவிட்டு ஆப்பை மறுபடி ஓட்டினேன். பிரிண்டர் இந்த முறை பெயரைக் கண்டுகொண்டது, பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டது, ஆனாலும் சேரவில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

திரை இல்லாத பிரிண்டருக்குத் தாள்தான் வாய் என்பதை அன்றுதான் கற்றேன். எங்கள் மாடலில் குறிப்பிட்ட இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் நெட்வொர்க் சோதனை அறிக்கை என்று ஒரு தாளை அச்சிட்டுத் தருகிறது. வரிசையாகச் சோதனைகள், எதில் தேறியது, எதில் தவறியது என்று. பெயர் கண்டது, தேர்ச்சி. பாதுகாப்பு முறை, தோல்வி. கடைசியில் சிக்னல் அளவு: -79 டிபிஎம். ஆப்போடு மூன்று மாலை மல்லுக்கட்டியதற்குப் பதில் இந்த ஒரு தாளை முதலிலேயே எடுத்திருந்தால் எத்தனை நேரம் மிச்சமாகியிருக்கும்!

தம்பிக்குத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டான். ரவுட்டரில் 2.4-க்கு டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை போட்டிருந்தது. அந்த முறை 2018-இல் அறிவிக்கப்பட்டது. என் பிரிண்டருக்கு அது தெரியாது, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 மட்டும்தான் தெரியும். 2.4-ஐ மட்டும் டபிள்யூபிஏ2-க்கு மாற்றினோம். பாஸ்வேர்டைப் பதினாறு எழுத்துக்கு நீட்டினோம். 5ஜி பழையபடியே டபிள்யூபிஏ3-இல் இருக்கிறது.

சிக்னலையும் விடவில்லை. டிபிஎம் கணக்கில் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -79 என்பது இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடுகிற சிக்னல். பிரிண்டர் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தால், ரவுட்டருக்கும் அதற்கும் நேர் நடுவில் இரும்பு பீரோ. ரேடியோ அலைக்கு இரும்புத் தகட்டைவிடக் கெட்ட சுவர் கிடையாது. பிரிண்டரை நாலடி தள்ளி, வளவைப் பார்த்த கதவுப் பக்கம் வைத்தேன். மறுபடி தாள் எடுத்தேன்: -66.

இனி இணைப்பதற்கு ஆப் வேண்டாம், பொத்தானிலேயே முடித்துவிடலாம் என்றான் தம்பி. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கதவு திறந்த மாதிரி. அதற்குள் பிரிண்டரிலும் அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்காமலே இரண்டும் சேர்ந்துகொள்ளும். டபிள்யூபிஏ3-இல் இது நடக்காது, டபிள்யூபிஏ2-க்கு மாற்றியதால்தான் இந்த வழியே எங்களுக்குத் திறந்தது. மகள் முகப்பில் நின்றாள், நான் இரண்டாம் கட்டில். “அம்மா, அமுக்கிட்டேன்!” என்று வளவைத் தாண்டிக் குரல் வந்தது. நான் பிரிண்டரில் அமுக்கிப் பிடித்தேன். நீல விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது.

முகப்பிலிருந்து மகள் ஒரு தாளை அனுப்பினாள். நான் நின்ற இடத்தில் பிரிண்டர் விழித்து, தாளை இழுத்து, முக்கோணம் ஒன்றை வரைந்து தள்ளியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பெரிது என்றுதான் சொல்வேன்.

(டபிள்யூபிஎஸ்-ஐ வேலை முடிந்ததும் ரவுட்டரில் அணைத்துவிட்டேன். அதில் எட்டு இலக்கப் பின் எண் முறை ஒன்றும் உண்டு. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முறை முயன்றாலே உள்ளே நுழைந்துவிடலாம் என்று 2011-லேயே வெளியானது. கணக்கு டீச்சருக்கு இது சட்டென்று விளங்கும்: எட்டில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. முதல் நாலுக்குப் பத்தாயிரம், அடுத்த மூன்றுக்கு ஆயிரம். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும் என்று ஆகிவிடுகிறது.)

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் கரண்ட் போய் வந்தது. புதன்கிழமை அச்சிடப் போனால் லேப்டாப் ‘ஆஃப்லைன்’ என்கிறது. பிரிண்டரில் நீல விளக்கு நின்று எரிகிறது. இரண்டும் அவரவர் வாக்கில் உறுதியாக இருந்தன. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய்க் கேபிளுக்கே திரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்த எண்ணம் வந்தது.

தாள் எடுத்தேன். பிரிண்டரின் ஐபி முகவரி 192.168.1.9 என்றது. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அது 192.168.1.5.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது, அதுதான் ஐபி முகவரி. அது சொந்த வீட்டின் கதவு எண் இல்லை, லாட்ஜ் அறை எண் மாதிரி. கரண்ட் போனபோது எங்கள் ரவுட்டர் தன் பேரேட்டை மறந்துவிட்டது. கரண்ட் வந்ததும் டிவியும் செல்போன்களும் முந்திக்கொண்டு அறைகளைப் பிடிக்க, மெதுவாக விழிக்கும் பிரிண்டருக்கு வேறு அறை கிடைத்தது. லேப்டாப்போ பழைய ஐந்தாம் எண் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

தீர்வு, பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குவது. ரவுட்டரின் செட்டிங்ஸில், இப்படி எண் கொடுக்கும் வேலையைக் கவனிக்கும் டிஹெச்சிபி என்ற பகுதிக்குள் முகவரி ஒதுக்கீடு என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் பிரிண்டரின் மேக் முகவரியை எழுதினேன். கருவி தயாராகும்போதே அதற்கு இடப்படும் பன்னிரண்டு எழுத்து அது, சோதனைத் தாளிலேயே அச்சாகியிருந்தது. அதற்கு எதிரே 192.168.1.50 என்று போட்டுச் சேமித்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் ஐம்பதில் வந்து உட்கார்ந்தது. பிறகு லேப்டாப்பில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, தானாகத் தேடவிடாமல், ஐபி முகவரி மூலம் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து அந்த ஐம்பதைக் கையால் எழுதிச் சேர்த்தேன். பத்து நிமிஷ வேலை. சரிபார்க்க ரவுட்டரை மூன்று முறை வேண்டுமென்றே அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் தாள் வந்தது.

சின்னதாக இன்னும் இரண்டு. டியூஷன் பிள்ளைகளுக்கென்று ரவுட்டரில் விருந்தினர் வைஃபை தனியாக வைத்திருக்கிறேன். அதிலிருந்து அச்சிட முடியாது. வீட்டுக் கருவிகளை விருந்தினர் தொடாமல் அது தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். தாள் வேண்டிய பிள்ளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் எடுத்துத் தருகிறேன். அடுத்தது, என் வீட்டுக்காரரின் அலுவலக லேப்டாப். அலுவலக நெட்வொர்க்கோடு அதைத் தனி வழியில் இணைக்கும் விபிஎன் ஓடும்போது அதற்குப் பிரிண்டர் தெரியாது. அதை நிறுத்துவது அலுவலக விதிக்குப் புறம்பு என்பதால் அவரும் கோப்பை எனக்குத்தான் அனுப்புகிறார்.

192.168.1.50 என்று தடித்த பேனாவில் எழுதி, கடைசியாக எடுத்த சோதனைத் தாளோடு சேர்த்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்துவிட்டது. போன வெள்ளி ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு முகப்பில் உட்கார்ந்தபடியே 22 பிரதிகள் கொடுத்தேன். வளவுக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. தாளை எடுத்து அடுக்கி வைக்க மகள் போனாள்.